டோக்கன் மாட்டாத ஆள்

தினா,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ நலமாக இருக்கிறாய். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பத்தடி தள்ளி உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணி. அரிசியைக் கழுவிக் கரண்ட் குக்கரில் போட்டு, விரல் வைத்துத் தண்ணீர் அளந்து, பொத்தானை அமுக்கி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, இப்போது கட்டிலில் உட்கார்ந்து பனியன்களை மடித்துக்கொண்டிருக்கிறாய். நான் நலமா என்று நீ கேட்க மாட்டாய். இந்த வீட்டில் நீ மட்டும்தான் இருக்கிறாய் என்பது உன் முடிவு. நடுவில் ஒரே ஒரு காலைப்பொழுது தவிர, இருபத்து மூன்று நாளாக அப்படித்தான் நடக்கிறது.

முப்பத்தாறு வயது மகனுக்கு அம்மா எழுதும் இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை. எழுத்துகளைக் கூட்டுவாய், அவ்வளவுதான். நீ பகலில் வேலை பழகப் போகும் சென்டரில் நசீமா மிஸ் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற வேறு யார் கேட்டாலும் அவர்களுக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை நீ இந்த வீட்டை விட்டுப் போகிறாய். சென்டருக்குப் பின்னால் உன்னைப் போல ஐந்து பேர் சேர்ந்து இருப்பதற்காக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், அதில் ஓர் இடம் உனக்கு. நாளை மறுநாள் வேலூரில் என் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எல்லாம் அந்தச் சுவரில் இருக்கும் போர்டிலிருந்து வந்தது. பத்தொன்பது வயதில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கேட் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று இருக்கும், பலகை முழுக்க ஆணி. ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன். உள்ளே வந்தால் உன் ஆணியில் டோக்கனை மாட்ட வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்ததில் டோக்கனை மாட்ட மறந்துவிட்டேன், அது என் சாப்பாட்டுப் பையிலேயே கிடந்தது. அன்று முழுக்க நின்று வேலை செய்தேன். சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, “நீ இன்னைக்கு ஆப்சென்ட்” என்றார். “காலையிலேந்து உங்க கண்ணு முன்னாடிதானே சார் நிக்கறேன்? நீங்கதானே ரெண்டு தடவ திட்டினீங்க?” என்றேன். அவர் சிரிக்கவே இல்லை. “போர்டுல இல்லன்னா நீ இல்லம்மா. இன்னா பேசறே?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன், அவ்வளவுதான். அதன் பிறகு நான் வீட்டில் எதற்காவது குரல் உயர்த்தினால், “யாருப்பா அது, டோக்கன் மாட்டாம சவுண்டு விடறது?” என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நீ பிறந்த பிறகு சிரிப்பு கம்மியாகிவிட்டது. உன்னுடைய நிலைக்கு ஒரு பெயர் உண்டு என்று எங்கள் காதுக்கு வந்தபோது உனக்குப் பதினாறு வயது. அதுவரைக்கும் தெருவில் நீ ‘பேஜார் புடிச்ச புள்ள’. பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். நானும் உன் அப்பாவும் ஷிப்டுக்குப் போகும்போது உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனோம். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவித்த முட்டை, தண்ணீர்ச் சொம்பு, ரேடியோ, பூட்டு. ஒரு வருஷம் இல்லை தினா, பல வருஷம். கம்பெனி விட்டு வந்து கதவைத் திறந்தால் நீ கதவுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருப்பாய், நெற்றி மரத்தில் பதிந்திருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் ஏறி ஒரு கருப்பு வட்டம் விழுந்துவிட்டது. நீ வளர வளர அந்த வட்டமும் கதவில் மேலே ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் பெயின்ட் அடித்துவிட்டார், ஆனாலும் வெயில் காலத்தில் அது லேசாக வெளியே தெரியும். இன்று மத்தியானம்கூடத் தெரிந்தது.

பிறகு ஒரு டாக்டரம்மா, உனக்கு வாய்வார்த்தை மனதில் நிற்காது, படம் நிற்கும் என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒரு பிளைவுட் துண்டில் ஆணி அடித்தேன். அப்பா கட்டிங் டிபார்ட்மென்டிலிருந்து கழிவுத் தோல் கொண்டுவந்து வட்ட வட்டமாக வெட்டிக் கொடுத்தார். குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் படம் ஒட்டிய தோல் டோக்கன். மேல் வரிசையில் மூன்று ஆணி, மூன்று முகம். நீ, அப்பா, நான். போகும்போது என் டோக்கனை எடுத்து உன் கண் முன்னால் ஆட்டிக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். வந்ததும் மாட்டுவேன். மாட்டினால்தான் அம்மா வந்தாள், மாட்டாவிட்டால் அம்மா இல்லை. கம்பெனி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் நீ கதவில் முட்டுவதை விட்டாய். ஆணி காலியாக இருந்தால் அம்மா வெளியே போயிருக்கிறாள், ஆனால் ஆணி இருக்கிறது, அதனால் வருவாள். இவ்வளவு தெளிவாக இந்த உலகத்தில் யாரும் உன்னிடம் எதையும் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இருபத்து நான்கு வயதில் உனக்கு அந்த சென்டர் கிடைத்தது. காலை வேனில் போய்ச் சாயங்காலம் வேனில் வருகிறாய். ஷூ டப்பா மடிக்கிறாய், ஷூவுக்குள் டிஷ்யூ பேப்பர் திணிக்கிறாய், லேஸ் கோக்கிறாய், இடது வலது பார்த்து ஜோடி சேர்க்கிறாய். ஜோடி சேர்ந்ததும் நீ சிரிக்கும் அந்தச் சின்னச் சிரிப்பை முதல் தடவை பார்த்தபோது, இத்தனை வருஷம் உன்னைப் பூட்டி வைத்ததற்காக அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். “அழாதீங்கம்மா, டப்பா நனையுது” என்றார் நசீமா மிஸ். அவர் அப்படித்தான், ஆறுதல்கூட வேலையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.

உன் அப்பா போனது உனக்கு இருபத்தெட்டு வயதில். சாவு வீட்டில் நீ கத்துவாய் என்று பக்கத்து வீட்டு மேரியிடம் உன்னை ஒப்படைத்துவிட்டேன். அது முதல் தப்பு, நீ அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து நீ வந்தபோது அப்பாவின் டோக்கன் இல்லை, காலி ஆணி மட்டும்தான். நீ கதவுக்குப் பின்னால் போய் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். பதினைந்து நாள் நின்றாய். சென்டரிலிருந்து வருவாய், ஆணியைப் பார்ப்பாய், கதவுக்குப் போய்விடுவாய். பதினாறாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. கொறடாவை எடுத்து உன் கண் முன்னாலேயே அந்த ஆணியைப் பிடுங்கினேன். நீ ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட அவரைத் தேடியதில்லை. போட்டோவைக் காட்டினால் சட்டத்தைத் தடவுவாய், முகத்தைப் பார்க்க மாட்டாய். மேரிதான் அன்றைக்கு, “இன்னாக்கா இவன், இப்படி ஒரே நாள்ல மறந்துட்டான்?” என்று கேட்டாள். எனக்கோ நிம்மதியாக இருந்தது, வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல் வலியில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அது உனக்கு நினைவிருக்கும். உன் மணிக்கட்டுக்கு நினைவிருக்கும். அவசரத்தில் என் டோக்கன் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. போர்டு நான் இருக்கிறேன் என்கிறது, வீட்டில் நான் இல்லை. நான்கு நாள் நீ என்னை வீட்டுக்குள்ளேயே தேடினாய் என்று மேரி சொன்னாள். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குள், மெத்தைத் தையலைப் பிரித்து உள்ளே. கிடைக்காமல் போனதும் கையைக் கடித்திருக்கிறாய். நான் வந்து பார்த்தபோது எலும்பு தெரிந்தது.

அதனால்தான் வேலூர் டாக்டர் என் வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டு, “கூட யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டபோது நான் என் உயிரை நினைக்கவில்லை, உன் மணிக்கட்டைத்தான் நினைத்தேன். நசீமா மிஸ்ஸிடம் போய் உட்கார்ந்தேன். புது வீட்டில் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அம்மா இல்லாமல் இருக்கப் பழக வேண்டும், முதலில் பழகின வீட்டிலேயே ஆரம்பிப்போம் என்றார். நான் மேரி வீட்டில் இருந்துகொள்வது, நீ தனியாக இங்கே. சுவர் ஒன்றுதான் நடுவில். “இன்னொரு ஆணி அடிங்கம்மா” என்று அவர் தெளிவாகச் சொன்னார். “போர்டுக்கு வெளிய, தள்ளி ஒரு ஆணி. ஊருக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம். டோக்கன் அதுல தொங்கட்டும். அவன் கண்ணுல பட்டுக்கினே இருக்கணும்.” நான் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் அப்படி ஓர் ஆணி கிடையாது என்றேன். இருந்தால் இரு, இல்லாவிட்டால் இல்லை, குழப்பினால் அவன் கையைக் கடிப்பான் என்று பெரிய அனுபவசாலி மாதிரி பேசிவிட்டு வந்தேன். படித்தவர்கள் சொன்னால் உடனே எதிர்த்துப் பேசும் திமிர் எனக்கு எப்போதும் ஜாஸ்தி.

டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு மேரி வீட்டுக்குப் போனேன். அவள் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து நம் வாசல் தெரியும், கதவு திறந்திருந்தால் போர்டும் தெரியும். முதல் நாள் வந்தாய், காலி ஆணியைப் பார்த்தாய், கதவைச் சாத்தினாய். சாத்திய கதவுக்குப் பின்னால் நீ எங்கே நிற்கிறாய், எப்படி நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாளும் அதேதான். மேரி கொண்டுபோன சாப்பாடு வாசலிலேயே ஆறியது. மூன்றாம் நாள் காலையில் உன் மணிக்கட்டில் பல் பதிந்திருந்ததாக நசீமா மிஸ் போன் செய்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை. நீ சென்டரில் இருந்தபோது வீட்டுக்குள் போய் என் ஆணியைக் கொறடாவால் பிடுங்கிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நீ கதவைச் சாத்தவில்லை. ஓட்டையைத் தொட்டாய், விரலைப் பார்த்தாய். பிறகு என் பொருள்களை எடுக்க ஆரம்பித்தாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் கண்ணாடி, சீப்பு, மாத்திரை அட்டை, செருப்பு. ஒரு ஷூ டப்பாவை மடித்து நிமிர்த்தி, செருப்புக்குள் காகிதம் திணித்து, இடதும் வலதுமாகத் திருப்பி வைத்து, மேலே மற்றதையெல்லாம் அடுக்கி மூடினாய். மூடியின் நான்கு மூலையையும் அழுத்தினாய், சென்டரில் கற்றுக்கொடுத்தபடி. ஏற்றுமதிக்குப் போகும் டப்பா மாதிரி அவ்வளவு சுத்தம். அதை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் குக்கரில் அரிசி போட்டாய். அதுவரை நீ தனியாகச் சோறு வைத்ததே இல்லை. சென்டரில் மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுத்தும் வீட்டில் ஒரு நாள்கூட அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. சோற்று வாசனை ஜன்னல் வழியாக வந்தது. மேரி சிலுவை போட்டுக்கொண்டு, “அக்கா, எனக்கு பயமா இருக்குது. உயிரோட இருக்கறவங்கள இப்படி அனுப்பி வெக்கக் கூடாதுக்கா” என்றாள்.

எட்டு நாளில் நீ எல்லாம் கற்றுக்கொண்டாய். குளித்துவிட்டு ஈரத் துண்டை உதறிப் போட்டாய், சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே சரியாகப் போட்டாய், வேன் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே பூட்டிவிட்டு நின்றாய். எட்டாம் நாள் மேரியின் மகள் பேரனோடு வந்துவிட்டாள், அங்கே படுக்க இடமில்லை. பயிற்சிதான் பாஸாகிவிட்டாயே, இனி என்ன என்று நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். உனக்குப் பிடிக்குமே என்று நம் ஊர் பிரியாணி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். “தினா” என்றேன். நீ திரும்பவில்லை. கிட்டே வந்தேன். நீ எழுந்து நேராக என்னை நோக்கி நடந்து வந்தாய், என் முன்னால் நின்றாய், மூடிய கேட் முன்னால் நிற்கிறவன் நிற்பதுபோலக் கொஞ்சம் நின்றாய், பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தாய். பொட்டலத்தை மட்டும் மோந்து பார்த்து எடுத்துச் சாப்பிட்டாய். அதை யார் கொண்டுவந்தது என்று உன் முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

கோபம் என்று முதலில் நினைத்தேன். கோபம் வந்தால் உன் காது சிவக்கும், எனக்குத் தெரியாதா? காது சிவக்கவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்தாய். நான் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனாய், மேரி வந்து மாற்றுச் சாவியால் திறந்துவிட்டாள். ஒரு சாயங்காலம் அடக்க முடியாமல் விசும்பி அழுதேன். நீ தலையை நிமிர்த்தினாய். “சத்தம்” என்றாய். எழுந்து போய்க் குழாயை இறுக்கித் திருகினாய். ரேடியோவைக் காதில் வைத்துப் பார்த்தாய். “சத்தம், சத்தம்” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாய். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். சத்தம் நின்றதும் நீ திருப்தியாகப் போய் உட்கார்ந்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாள் ஆக ஆக எனக்கே அது பழகிவிட்டது. காலைத் தூக்கி மெதுவாக வைக்க ஆரம்பித்தேன். பாத்திரத்தைத் தொட்டால் ஓசை வருமே என்று தொடாமல் விட்டேன். ஒருநாள் மேரியிடம், “நான் உனக்குத் தெரியறேன் இல்ல?” என்று கேட்டுவிட்டேன். அவள் என் கையைக் கிள்ளிவிட்டு அழுதாள். அன்றைக்கு வலித்தது எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

நான்கு நாளைக்கு முன்னால், விடிந்ததும் சுத்தியலை எடுத்தேன். அதே ஓட்டையில் ஓர் ஆணியை அடித்தேன், டோக்கனை மாட்டினேன். நீ பல் விளக்கிக்கொண்டிருந்தாய். சுத்தியல் சத்தத்துக்குத் திரும்பினாய், போர்டைப் பார்த்தாய், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். “அம்மா, சட்டை” என்றாய். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டேன், நீ வழக்கம் போல விறைத்துக்கொண்டு நின்றாய், சோப்பும் பற்பசையும் கலந்த உன் வாசனை. பிறகு பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாய், நான் பொத்தான் போடுவதற்காக. இத்தனை நாள் நீயே போட்ட அதே பொத்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய், நான் பிசைந்து கொடுப்பதற்காக. குக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னால் முடியாது என்று நான் முப்பத்தாறு வருஷம் நினைத்ததெல்லாம் நான் இருந்ததால் முடியாமல் போனது, தினா. அதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். வேன் ஹாரன் அடித்தது. நீ கிளம்பியதும் டோக்கனை எடுத்தேன், ஆணியையும் பிடுங்கினேன். சாயங்காலம் வந்து ஓட்டையைத் தொட்டுவிட்டு அரிசி கழுவினாய்.

நசீமா மிஸ்ஸுக்கு நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டிய மாதிரி என் சூப்பர்வைசர்கூட என்னைத் திட்டியதில்லை. “இது பயிற்சி இல்லம்மா. ஆளு இருக்கும்போதே இல்லன்னு அவன நம்ப வெச்சிட்டீங்க. நான் இன்னொரு ஆணி அடிக்கச் சொன்னேனே, எதுக்கு சொன்னேன்? போனவங்க போன இடத்துல இருக்காங்கன்னு அவனுக்கும் தெரிய வேணாமா?” என்றார். நான், ஆபரேஷன் மேசையில் நான் போய்விட்டால் அவன் மணிக்கட்டு தாங்காது மிஸ் என்றேன். இப்போது போனால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அவனைப் பொறுத்தவரை நான் போய் ரொம்ப நாள் ஆகிறது என்றேன். அவர் கையிலிருந்த டப்பாவை மடித்து முடித்தார். பிறகு, “அவன் உங்களப் பாக்கறான்மா. பாக்காம எப்படி சுத்திப் போவான்? நீங்க போட்ட ரூல மீற மாட்டேங்கறான், அவ்ளோதான்” என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

என் டோக்கனை அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் பிழைத்து வந்தால் புது வீட்டுச் சுவரில் தள்ளி ஓர் ஆணி அடித்து மாட்டுவாராம், வாரத்துக்கு ஒரு நாள் நான் வந்து போவதை மெதுவாகச் சொல்லிக் கொடுப்பாராம். வராவிட்டால் அந்த ஆணியிலேயே அது தொங்கட்டும் என்றேன். இந்தத் தடவை பிடுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீ அங்கே சமர்த்தாக இரு. பக்கத்துக் கட்டில் பையன் உன் லேஸை எடுத்தால் கடிக்காதே, மிஸ்ஸிடம் சொல். பிரியாணி போடும் நாளில் ஜாஸ்தி சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சட்டைப் பொத்தானை யார் போட்டுவிட வந்தாலும் கையைத் தட்டிவிடு. அது நானாக இருந்தாலும் தட்டிவிடு.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை நடந்ததையும் எழுதிவிட்டு நசீமா மிஸ்ஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

வேனில் நானும் ஏறிக்கொள்ளலாமா என்று டிரைவர் பாபுவிடம் கேட்டேன். “ஏறுங்கம்மா” என்றவர் உன் சீட்டைக் காட்டி, “அவன் பக்கத்துல மட்டும் யாரையும் உக்கார விடமாட்டான், பைய தூக்கி வீசிடுவான்” என்றார். தினமும் அந்தக் காலி சீட்டில் பையை எறிந்துவிட்டுத்தான் உட்காருவாயாம். நான் அதில் போய் உட்கார்ந்தேன். நீ வீட்டைப் பூட்டிச் சாவியை மேரியிடம் கொடுத்துவிட்டு வந்தாய். துணிப் பெட்டியைப் பின்னால் வைத்தாய். சீட்டருகே வந்து நின்றாய், எப்போதும்போலக் கொஞ்சம் நின்றாய். நீ எறியவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்து என் மடியில் வைத்தாய், வார் தொங்காமல் உள்ளே மடித்துவிட்டாய், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். உன் கண் ரோட்டில் இருந்தது. பைக்குள் சாப்பாட்டு டப்பா சூடாக இருந்தது, காலையில் நீயே வைத்த சோறு. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்தது, ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போகும்வரை நின்றோம், நீ பெட்டிகளை எண்ணினாய். நான் பையை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சென்டர் வாசலில் வேன் நின்றது. நசீமா மிஸ் உன் பெட்டியை வாங்கிக்கொண்டார். நீ பையை எடுக்கக் கை நீட்டினாய். உன் விரல்கள் பை வாரின்மேல் இருந்த என் விரல்கள்மேல் பட்டு, எடுக்காமல், அங்கேயே நின்றன. உன் முகம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிடித்திருந்தால் நீ இறங்கியிருக்க மாட்டாய். நான் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா